மேலதிகமாக ஒரு ரூபாய்

கட்டுகஸ்தோட்டை, கண்டி,
மே 6

அன்புள்ள தங்கை கலாராணிக்கு,

நேற்று ஞாயிற்றுக்கிழமை கூடிய எங்கள் இளைஞர் தங்குவிடுதியின் நிர்வாகக் குழு, முற்பண விதிகள் எழுதிய அறிவித்தல் பலகையை வாசலின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாற்றுவதென்று ஏகமனதாகத் தீர்மானித்தது. பல வருடங்களாக இது பேசப்பட்டு வந்தது. முன்னாள் தலைவர்கள் இருவர் இந்தப் பிரச்சினை தீராமலே காலமானார்கள். தீர்மானம் நிறைவேறியதும் சபை எழுந்து நின்று கைதட்டியது. பிறகு ஆணி இருக்கிறதா என்று ஒருவர் கேட்டார். அது அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.

இன்னொரு தீர்மானமும் உண்டு. கட்டிலுக்கான முற்பணம் இனிமேல் சரியான தொகையாக மட்டுமே ஏற்கப்படும். குறையவும் கூடாது, கூடவும் கூடாது. எங்கள் பொருளாளர் கணேஸ் மிச்சக்காசுக்குச் சில்லறை தேடிப் பாலத்தடிக் கடைகளில் அலைந்ததன் விளைவு இது.

போன வாரம் தொலைபேசியில் நீ ஒரு கட்டிலைப் பற்றி ஏதோ கேட்டாய். மழையைப் பற்றித் தொலைபேசியில் பேசலாம். கட்டிலைப் பற்றிப் பேச முடியாது. 'போனில் சொன்னார்கள்' என்று ஒரே கட்டிலுக்கு மூன்று பேர் பெட்டியோடு வந்து நின்ற வரலாறு எங்களுக்கு உண்டு. எழுத்தில், கையொப்பத்தோடு, தபாலில் கேள். இதைச் செயலாளர் என்ற முறையில் சொல்கிறேன். அண்ணன் என்ற முறையில், உன் குரலைக் கேட்டதில் சந்தோசம்.

முழங்கால் தவிர எனக்கு வேறு குறை இல்லை. மச்சான் ரமேசின் டிராக்டர் ஓடுகிறதா? மருமகள் கிருஷாந்தியை விசாரித்ததாகச் சொல்.

உன் மறுமொழியை எதிர்பார்க்கும்
அண்ணன் யோகராஜ்
(கௌரவ செயலாளர்)


தருமபுரம், கிளிநொச்சி,
மே 14

அன்புள்ள அண்ணனுக்கு,

முழங்காலுக்கு வேப்பெண்ணெய் காய்ச்சித் தடவச் சொன்னேனே, தடவினீர்களா? இங்கே வெயில் கொல்லுகிறது. அது தவிர மூவரும் சுகம். டிராக்டர் ஓடுகிறது. பலகை மாறியது நல்ல செய்தி.

நீங்கள் சொன்னபடி எழுத்தில் கேட்கிறேன். கிருஷாந்திக்குக் கண்டியில் தொழில்நுட்பக் கல்லூரி ஒன்றில் படவரைஞர் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. வீடு கட்டுவதற்குப் படம் கீறும் வேலை. ஒன்றரை வருடம். ஓகஸ்ட் 12 தொடங்குகிறது. சின்ன வயதிலிருந்தே கிடைத்த தாளிலெல்லாம் வீடு கீறுகிறவள் அவள். போன மாதம் எங்கள் வீட்டையே மாற்றிக் கீறி அப்பாவிடம் காட்டினாள். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "மாடு எங்க நிக்கும்?" என்று மட்டும் கேட்டார்.

அவர் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. "கட்டில் உறுதின்னு மச்சான் கையெழுத்தோட கடிதம் வரட்டும், அனுப்புறேன். இல்லாட்டி யாரை நம்பிப் பொம்பளப் புள்ளய அனுப்புறது?" என்கிறார். இதற்கிடையில் அவருடைய அக்கா போன வெள்ளிக்கிழமை மகனோடு வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். மகனுக்குப் பரந்தனில் இரும்புக்கடை. வந்ததிலிருந்து போகும்வரை கம்பி விலையைத்தான் பேசினான். கிருஷாந்தி தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனவள் வெளியே வரவில்லை.

இதை உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன் அண்ணே. அவளுக்கு அந்தச் சம்பந்தத்தில் விருப்பமில்லை. எனக்கும் இல்லை. அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்கள் கடிதம் வந்துவிட்டால் நான் ஒன்றும் சொல்லாமலே காரியம் நடந்துவிடும்.

உங்கள் தங்கச்சி
கலாராணி


கட்டுகஸ்தோட்டை,
ஜூன் 3

அன்புள்ள தங்கை கலாராணிக்கு,

உன் கடிதம் நேற்றைய கூட்டத்தில் 'கிடைக்கப்பெற்ற கடிதங்கள்' என்ற பகுதியில் முழுமையாக வாசிக்கப்பட்டது. நானே வாசித்தேன். முழங்கால் பற்றிய இடத்தில் சபையில் சிறிது அனுதாபம் காணப்பட்டது. தேத்தண்ணி பற்றிய பந்தியில் கலந்துரையாடல் நீண்டுவிட்டது. இரும்புக்கடை விழாத தொழில் என்றார் கணேஸ். எங்கள் தலைவர் பளீல் ஹாஜியார், "கடை நல்லம்தான், புள்ளைக்கு விருப்பமில்லயே" என்றார். விடயம் நிகழ்ச்சி நிரலில் இல்லாததால் வாக்கெடுப்பு நடக்கவில்லை. கூட்டத்துக்கு இடியப்பம் கொண்டுவரும் ஹவ்வா உம்மா கூட, கூடையை இறக்கி வைத்துவிட்டு வாசிப்பு முடியும்வரை நின்றார். எங்கள் ஒழுங்கையில் கீழ்வீடு அவருடையது.

நீ 'உங்களுக்கு மட்டும்' என்று எழுதியிருந்தாய். விடுதி முகவரிக்கு வரும் கடிதம் செயலாளருக்கு வருகிறது. செயலாளர் குழுவுக்குப் பொறுப்பு. நீ தவறாக எடுக்கமாட்டாய் என்று தெரியும்.

பெண்கள் பகுதியில் கட்டில் உண்டு. முதல் மாத வாடகை ஆறாயிரம் ரூபாயை முற்பணமாகக் காசுக்கட்டளையில் அனுப்பவும். கிடைத்து, குழுவில் பதிவானதும் உறுதிக் கடிதம் வரும். செயலாளரின் மருமகள் என்பதற்காகச் சலுகை செய்ய முடியாது. முந்திய செயலாளர் தன் மனைவியின் தம்பிக்கு முற்பணம் வாங்காமல் கட்டில் கொடுத்தார். செயலாளர் பதவியிலிருந்து எழும்பிய பிறகும் தம்பி கட்டிலிலிருந்து எழும்பவில்லை. நானும் விடுதியின் ஓர் அறையில்தான் இருக்கிறேன். அதற்கு மாதாமாதம் முற்பணம் கட்டி, எனக்கு நானே பற்றுச்சீட்டு எழுதிக் கொடுக்கிறேன்.

எண்ணெய் தடவுகிறேன். சுகம் விசாரித்ததாக எல்லோருக்கும் சொல்.

அண்ணன் யோகராஜ்


தருமபுரம்,
ஜூன் 10

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. கூட்டத்தில் வாசித்ததாக எழுதியிருந்தீர்கள். தெரிந்துகொண்டேன்.

ஆறாயிரத்து ஒரு ரூபாய்க்குக் காசுக்கட்டளை அனுப்பியிருக்கிறேன். பிள்ளை முதன்முதலாகப் படிப்புக்கென்று வீட்டைவிட்டு வெளிக்கிடுகிறாள். சைபரில் முடிக்க மனம் வரவில்லை. கடிதத்தின் மூலைகளில் இருப்பது மஞ்சள், கறை அல்ல.

உறுதிக் கடிதத்தைச் சுணங்காமல் அனுப்புங்கள். இங்கு எல்லோரும் சுகம். எழுதுவதற்கு வேறு விசேசம் ஒன்றுமில்லை. அங்கு இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் எல்லோருக்கும் என் வணக்கம்.

கலாராணி


கட்டுகஸ்தோட்டை,
ஜூலை 8

அன்புள்ள தங்கை கலாராணிக்கு,

உன் காசுக்கட்டளை நேற்றைய கூட்டத்தில் பரிசீலிக்கப்பட்டது. மேலதிகமாக ஒரு ரூபாய் இருப்பது கவனத்துக்கு வந்தது. வேறு அலுவல்கள் இருந்தும், கூட்டத்தின் பெரும்பகுதி அதற்கே ஒதுக்கப்பட்டது.

ஆறாயிரத்தை ஏற்று ஒரு ரூபாயைத் திருப்பி அனுப்பலாம் என்றார் கணேஸ். ஒரு ரூபாயை அனுப்பும் செலவு ஒரு ரூபாயைவிடக் கூட. அதற்கு நிதி ஒதுக்கீடு இல்லை. நன்கொடையாக எடுத்துக்கொள்வோம் என்றார் ஹாஜியார். நன்கொடை கொடுத்தவரின் மகளுக்குக் கட்டில் கொடுத்தால் அது கைலஞ்சம்போல் தோன்றும், அதுவும் செயலாளரின் குடும்பத்தில், என்று நான் எடுத்துக்காட்டினேன். சபை ஏற்றுக்கொண்டது. ஆகவே முழுத் தொகையையும் திருப்பி அனுப்பியிருக்கிறேன். சரியான தொகையை மறுபடி அனுப்பு. மஞ்சளைப் பற்றிக் குழு அபிப்பிராயம் எதுவும் தெரிவிக்கவில்லை.

உன் கடிதம் சுருக்கமாக இருந்ததைக் குழு பாராட்டியது. ஆனாலும் மாப்பிள்ளை வீட்டுச் சங்கதி ஒன்றும் எழுதவில்லையே என்று இரண்டு பேர் கேட்டார்கள்.

மழை விடாமல் பெய்கிறது. மகாவலி ஆறு கலங்கி ஓடுகிறது. நீங்கள் எல்லோரும் சுகம்தானே?

அண்ணன் யோகராஜ்


தருமபுரம்,
ஜூலை 13

செயலாளர் அவர்களுக்கும் குழுவினருக்கும்,

சுகம் கேட்டிருந்தீர்கள். எனக்கு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. சோறு வடிக்கும்போது வாசல் படலை சத்தம் போட்டால் சட்டியை அப்படியே வைத்துவிட்டுத் தபாலா என்று பார்க்க ஓடுகிறேன். கிருஷாந்தி பெட்டியில் உடுப்பை அடுக்குகிறாள், பிறகு எடுத்து அலுமாரியில் வைக்கிறாள். மறுநாள் மறுபடி அடுக்குகிறாள். அவளுடைய அப்பா தினமும் கடிதம் வந்ததா என்று கேட்கிறார். முதலில் ஒரு மாதிரிக் கேட்டார். இப்போது வேறு மாதிரிக் கேட்கிறார்.

கிருஷாந்தி பெரியபிள்ளையானபோது தாய்மாமன் சீர்த் தட்டில் நீங்கள் வைத்தது ஐயாயிரத்து ஒரு ரூபாய். அந்த ஒரு ரூபாய் நாணயக்குத்தி கிடைக்காமல் கிளிநொச்சி டவுன் முழுக்க அலைந்து, கடைசியில் கோயில் ஐயரிடம் கெஞ்சி வாங்கிவந்தீர்கள். அந்தத் தட்டை இங்கே யாரும் திருப்பி அனுப்பவில்லை.

ஆறாயிரம் மட்டும் அனுப்பியிருக்கிறேன். மாப்பிள்ளை வீட்டுச் சங்கதி கேட்ட இருவருக்கும்: அவர்கள் மறுபடி வந்தார்கள். இந்த முறை சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். ஆவணியில் நல்ல நாள் இருக்கிறதாம்.

இதை வாசிப்பவர் கொஞ்சம் உரத்து வாசிக்கட்டும். பின்னால் நிற்பவர்களுக்கும் கேட்க வேண்டும்.

கலாராணி


கட்டுகஸ்தோட்டை,
ஜூலை 24

அன்புள்ள தங்கை கலாராணிக்கு,

பெரஹரா ஊர்வலக் காலத்து ஏற்பாட்டுக்காக நேற்று அவசரக் கூட்டம் நடந்தது. நீ கேட்டபடி உன் கடிதத்தை உரத்து வாசித்தேன். சீர்த் தட்டுப் பந்தியில் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது. மிகுதியைக் கணேஸ் வாசித்தார்.

தொகை இம்முறை சரியாக இருந்தது. ஆனால் அது எங்கள் கைக்கு வந்தது ஜூலை நடுப்பகுதிக்குப் பிறகு. அந்தத் திகதியிலிருந்து பெரஹரா முடியும்வரை முற்பணம் இருமடங்கு என்பது விதி. நாடெங்கிலுமிருந்து சனம் கண்டிக்கு வரும் காலம், சாக்கு விரிக்க இடம் கேட்பார்கள். கிருஷாந்தி வரவேண்டிய நாளும் பெரஹரா நாட்களுக்குள் விழுகிறது. ஒன்றில் இன்னும் ஆறாயிரம் அனுப்பு. அல்லது அவள் பெரஹரா முடிந்தபின் வரலாம். சில நாள் பிந்தி வந்தால் கல்லூரியில் சேர்ப்பார்களா என்று விசாரித்துப்பார். அதுவரை உறுதிக் கடிதம் தர வழியில்லை. உன் ஆறாயிரம் பத்திரமாக இருக்கிறது.

ஒரு சம்பவத்தையும் சொல்ல வேண்டும். ஹவ்வா உம்மா, "ஒரு கொமருப் புள்ள படிக்க வாறத்துக்கு இவ்வளவு கணக்கா தம்பி?" என்று கூட்டத்தின் நடுவில் கேட்டார். ஹாஜியார், "ராத்தா சொல்றதிலயும் ஞாயம் இரிக்கி" என்றார். உறுப்பினரல்லாதவர் பேசியது கூட்டக் குறிப்பில் சேர்க்கப்படவில்லை. அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நாங்கள் இன்னும் சாப்பிட்டிருக்கவில்லை.

இந்த விடயத்தில் எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. செயலாளருக்கு வாக்கு இல்லை.

அண்ணன் யோகராஜ்


கட்டுகஸ்தோட்டை,
ஜூலை 25

தங்கச்சி கலாராணிக்கு ஹவ்வா உம்மா எழுதிக்கொள்றது.

என்னைய உங்களுக்குத் தெரியாது. எனக்கு உங்களத் தெரியும். உங்கட கடிதம் மூணும் நின்டுகொண்டு கேட்டிரிக்கிறேன். விலாசம் உறையில பாத்து எடுத்தது. பிழையா நினைக்க வாணாம்.

உங்கட நானா யோகராஜ் தம்பி நல்ல மனுசன். களவு பொய் ஒண்டும் இல்ல. போன வருசம் நான் காய்ச்சல்ல கிடக்கக்குள்ள மருந்து வாங்கித் தந்தது அவர்தான், மிச்சக்காசு ரெண்டு ரூபாவயும் கொண்டுவந்து தந்துட்டுத்தான் போனார். ஆனா அவர்ட நேர்மைக்குள்ள ஒரு ஆள் படுக்க எடமில்ல தங்கச்சி.

எங்கட வீட்டுல நானும் என்ட மக ஜெஸீமாவும் மட்டும்தான். அவ ஸ்கூல்ல படிச்சிக் குடுக்கிறா. மேல் அறை சும்மா கிடக்கிது. ஜன்னல் ஆத்துப் பக்கம், படம் கீற வெளிச்சம் நல்லா வரும். புள்ளைய அனுப்புங்க. அட்வான்ஸ் ஒண்டும் வாணாம். மத்ததெல்லாம் மாசம் முடிய பாப்பம். சைவச் சாப்பாடுன்டா செல்லுங்க, சட்டிய வேறயா வைக்கலாம்.

உங்கட வீட்டுக்காரர்ட நம்பரத் தாங்க, நான் பேசுறேன். மாவுக் கடைக்காரனோட, விறகு லொறிக்காரனோட, உங்கட நானாவோட எல்லாம் பேசி வாழ்றவ நான். எனக்கு ஆம்புளயளோட பேசிப் பழக்கம்.

இத உங்கட நானாவுக்குச் செல்லல்ல. அவர் குறிப்புல எழுதிப்போடுவார்.

ஒங்க எல்லாருக்கும் அல்லாஹ் நல்ல சுகத்தத் தரட்டும்.

ஹவ்வா உம்மா


தருமபுரம்,
ஜூலை 31

அன்புள்ள உம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கிருஷாந்தி வாசித்தாள். பிறகு நான் வாங்கி வாசித்தேன். பிறகு அவள் மறுபடி வாசித்தாள்.

அவருடைய நம்பரைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். வயலில் இருந்து வந்து குளித்து முடித்த பிறகு எடுங்கள். முதலில் டிராக்டரைப் பற்றிக் கேளுங்கள். பெண் பிள்ளையைப் பற்றிப் பேச்சை அவரே எடுக்கும்வரை பொறுங்கள். நான் உங்களுக்கு எழுதியதாகச் சொல்ல வேண்டாம்.

பிள்ளை எல்லாம் சாப்பிடுவாள். மாட்டிறைச்சி மட்டும் பழக்கமில்லை. அண்ணனுக்கு நான் எழுதவில்லை. எழுதினால் வாசிப்பார்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த மழையில் கூடையோடு மேடு ஏறி இறங்குகிறீர்கள்.

கலாராணி


கட்டுகஸ்தோட்டை,
செப்டெம்பர் 2

அன்புள்ள தங்கை கலாராணிக்கு,

உன்னிடமிருந்து கடிதம் வந்து வெகு நாளாகிறது. இடையில் இரண்டு தரம் தொலைபேசியில் பேசினோம். இரண்டு தரமும் மழையைப் பற்றிப் பேசினோம். கட்டிலைப் பற்றித் தொலைபேசியில் பேச முடியாது என்று நானே சொல்லியிருந்ததால் நான் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை.

நேற்றைய கூட்டத்தில் விதி திருத்தப்பட்டது. மங்கல நோக்கத்தோடு அனுப்பப்படும் மேலதிக ஒரு ரூபாய், அது ஒரு ரூபாய்க்கு மேற்படாதவிடத்து, முற்பணத்தோடு சேர்த்து ஏற்கப்படும். செயலாளர் பிரேரணை கொண்டுவர முடியாது என்பதால் நான் பதவி விலகி, பிரேரணையைக் கொண்டுவந்து, அது நிறைவேறிய பின் மறுபடி தெரிவு செய்யப்பட்டேன். இடைப்பட்ட நேரத்தில் விடுதிக்குச் செயலாளர் இருக்கவில்லை. கணேஸ் எதிர்த்து வாக்களித்தார். அவரோடு இப்போது பேச்சில்லை.

ஏழாம் இலக்கக் கட்டில் கிருஷாந்திக்கு உறுதி. கையொப்பமிட்ட உறுதிக் கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன், மச்சானிடம் காட்டு. கட்டில் ஜன்னலோரம். பக்கத்தில் படம் கீறுகிறவர்கள் பாவிக்கும் சரிவு மேசை ஒன்று போடப்பட்டிருக்கிறது. கம்பளையில் ஒரு தச்சரிடம் செய்தது. அது விடுதியின் சொத்துப் பட்டியலில் இல்லை. ஜூன் மாதமே வந்துவிட்டது. எங்கிருந்து வந்ததென்று குழுவில் யாரும் கேட்கவில்லை.

இங்கே வேறு மாற்றமில்லை. ஹவ்வா உம்மா இப்போதெல்லாம் இடியப்பத்தை விடிய முன்னரே கொண்டுவந்து வைத்துவிட்டு ஓடுகிறார். என்ன அவசரம் என்றேன். வீட்டில் படிக்கிற பிள்ளைக்குச் சோறு கட்ட வேண்டும் என்றார். அவர் வீட்டில் இந்தக் காலத்தில் யார் படிக்கிறார்கள் என்று தெரியவில்லை. அது விடுதி அலுவல் அல்லாததால் விசாரிக்கவில்லை.

ஆவணி நடக்கிறது. நாள் குறித்திருந்தால் தாய்மாமனுக்குச் சொல்லாமல் விடமாட்டீர்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். குறித்தாயிற்றா?

இந்தக் கடிதத்துக்கு நீ எழுதும் மறுமொழியைக் கூட்டத்தில் வாசிக்கமாட்டேன்.

அண்ணன் யோகராஜ்


தருமபுரம்,
செப்டெம்பர் 9

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் சுகம். முதல் மழை நேற்றுப் பெய்தது. அவருக்குத் தடிமன். உங்கள் முழங்கால் எப்படி? ஒரு போத்தல் எண்ணெய் காய்ச்சி, கண்டிக்கு வரும் ஒருவரிடம் கொடுத்திருக்கிறேன்.

இந்தக் கடிதத்தைக் கூட்டத்தில் வாசிக்கலாம். மறைக்க ஒன்றுமில்லை.

நாள் குறிக்கவில்லை. அவருடைய அக்கா வவுனியாவில் வேறு பெண் பார்த்துவிட்டார். கம்பி விலை தெரிந்த குடும்பமாம்.

கிருஷாந்தி ஓகஸ்ட் 12 அன்றே படிப்பைத் தொடங்கிவிட்டாள். ஹவ்வா உம்மா வீட்டு மேல் அறையில் இருக்கிறாள். உம்மா அவருக்குப் போன் எடுத்தார். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. முதலில் டிராக்டர் சத்தம் பற்றிப் பேசியது கேட்டது, பிறகு இவர் எழும்பி முற்றத்துக்குப் போய்விட்டார். வந்து, "பழைய பெட்டிக்குப் பூட்டில்லையே" என்றார். மறுநாள் போய்ப் புதுப் பெட்டி வாங்கிவந்தார்.

அவரேதான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டுபோய் விட்டார். பெரஹராவுக்காகப் பாதைகளை மறித்திருந்ததால் பாலத்தடியில் இறங்கிப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாராம். உங்கள் விடுதியைத் தாண்டித்தான் போயிருக்கிறார்கள். நீங்கள் முற்றத்தில் நின்று ஒரு வெள்ளைக்காரத் தம்பதிக்கு விதிகளை விளக்கிக்கொண்டிருந்தீர்களாம். கிருஷாந்தி கூப்பிடப் பார்த்தாள். "மாமா வேலையா இருக்காரு, குழப்பாத" என்று அவர் சொல்லிவிட்டார்.

மேசையைப் பற்றிப் படித்தேன். இரண்டு தரம் படித்தேன். அதையும் என் ஆறாயிரத்தையும் அடுத்து வரும் ஒரு பிள்ளைக்கு வைத்துக்கொடுங்கள்.

குளிருக்குக் கால்களை மூடிக்கொண்டு படுங்கள். கணேஸ் அண்ணனோடு பேசுங்கள்.

உங்கள் தங்கச்சி
கலாராணி

பி.கு.: கல்லூரியில் கண்டியில் இருக்கும் பாதுகாவலர் ஒருவரின் பெயர் கேட்டார்கள். ஹவ்வா உம்மா போய்க் கையெழுத்து வைத்தார். உறவுமுறை என்ற இடத்தில் மாமி என்று எழுதியிருக்கிறது.